எண்பது எம்பிபிஎஸ் வருகிறதாம், அப்பாவின் ரேடியோ மட்டும் ஊமை

“யூடியூப் ஓடுதுதானே மேடம்? அப்ப லைன் சரி.”

ஐந்து கிழமைகளாக இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை வெடிக்கிறது. எங்களுக்கு இணையம் தரும் நிறுவனத்தில் போன் எடுத்த நான்கு பேரும் இதையேதான் சொன்னார்கள். நான் யூடியூப்பைப் பற்றி முறையிடவில்லை, அப்பாவின் ரேடியோ வேலை செய்யவில்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஒருவர்கூட அதைக் காதில் வாங்கவில்லை.

அப்பாவுக்கு 81 வயது. குளுக்கோமா வந்து பார்வை முக்கால்வாசி போய்விட்டது. கனடாவில் இருக்கும் அண்ணா ஆறு வருடங்களுக்கு முன் திருகோணமலைக்கு வந்தபோது வைஃபை வழியாக வெளிநாட்டு வானொலிகளை எடுக்கும் ஓர் இணைய வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். முன்பக்கத்தில் ஒரு குமிழ், ஆறு பொத்தான்கள். முதலாவதில் டொரண்டோ தமிழ் வானொலி, இரண்டாவதில் லண்டன், மூன்றாவதில் பக்திப் பாடல்கள். அப்பா விரலால் தடவிப் பார்த்து அழுத்துவார். எங்களில் ஒருவரையும் கூப்பிட மாட்டார். ஒரு நாளில் அவர் இன்னொருவர் உதவி இல்லாமல் செய்கிற காரியங்கள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

“போனில் ஆப் போட்டுக் கொடுங்களேன்” என்று சொல்கிறவர்களிடம் கேட்கிறேன்: கண் தெரியாத மனிதருக்கு வழுவழுவென்ற கண்ணாடியில் எந்த இடத்தைத் தொடுவது என்று எப்படித் தெரியும்?

அப்பா வானொலியோடு வாழ்ந்தவர். கறண்ட் இல்லாத காலத்தில் பற்றரிகளை வெயிலில் வைத்துச் சூடாக்கி, இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசைக்காகச் சிற்றலையைத் திருகிக்கொண்டிருப்பார். 1941இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் திகதி வானொலியில் நின்றபோது, வீட்டில் ஓர் ஆள் போனமாதிரிப் பேசாமல் இருந்தார். இதே ஊரில்தான் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலிக்கு ஒரு மறு ஒலிபரப்பு நிலையம் இருந்தது. 2013 வரைக்கும் இங்கிருந்து சிற்றலையில் எத்தனையோ நாடுகளுக்கு ஒலிபரப்பினார்கள். அப்படிப்பட்ட ஊரில், முன்விறாந்தையில் இருக்கும் ரவுட்டரிலிருந்து குசினிக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு ஒரு வானொலியைக் கொண்டுபோக இந்தப் பாடு.

இவ்வளவுக்கும் தொடக்கம் ரவுட்டர் மாற்றம். சேவை தரும் நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்து பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினான். “புதுசு அக்கா, நல்ல ஸ்பீட் வரும்” என்றான். வேகம் வந்தது, உண்மைதான். தன் போனில் அளந்து 80 எம்பிபிஎஸ், அதாவது ஒரு செக்கனுக்கு 80 மெகாபிட் வேகம், காட்டினான். அப்பாவின் வானொலி நிலையம் கேட்பது வெறும் 128 கேபிபிஎஸ், செக்கனுக்கு 128 கிலோபிட். அறுநூறு பங்கில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மணி நேரம் முழுக்கக் கேட்டாலும் 58 எம்பிதான் செலவு. வேகத்துக்கும் எங்கள் பிரச்சினைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதைத்தான் திரும்பத் திரும்ப அளக்கிறார்கள்.

பெட்டியின் சின்னத் திரையில் வருவது ஒரே வரி: “கனெக்‌ஷன் ஃபெய்ல்ட்”. பாஸ்வேர்ட் பிழையா, சிக்னல் போதாதா, ரவுட்டர் விடவில்லையா? ஒன்றும் சொல்லாது. சரி, பாஸ்வேர்ட்தான் பிழையாக்கும் என்று மறுபடி அடித்தேன். அடித்தேன் என்றால் குமிழைத் திருப்பி ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துவது. பதினாறு எழுத்துகள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இலக்கம், குறி. ஒன்பது தடவை செய்தேன். ஒன்பது தடவையும் அதே வரி. பக்கத்துக் கதிரையில் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். பிறகு, “விடு பிள்ளை, பரவாயில்லை” என்றார். அந்தப் பரவாயில்லைதான் எனக்குத் தாங்கவில்லை.

காரணத்தைக் கடைசியில் நானே தேடிப் பிடித்தேன். மிகச் சின்ன விஷயம். வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைகளில் வரும். அப்பாவின் பெட்டிக்கு 2.4 மட்டும்தான் தெரியும். புதிய ரவுட்டர் 2.4ஐயும் 5ஐயும் ஒரே பெயரில் சேர்த்து வைத்திருந்தது. புதிய போன்களுக்கு அது வசதி, பழைய பெட்டிகள் சில அதில் தடுமாறும். அதைவிடப் பெரிய தடை பாதுகாப்பு முறை. ரவுட்டரை டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறையில் போட்டிருந்தார்கள். அது 2018இல் அறிமுகமானது. அதற்கு முன் செய்த இந்தப் பெட்டிக்குத் தெரிந்தது பழைய டபிள்யூபிஏ2 மட்டுமே. பாஸ்வேர்டை நூறு தடவை சரியாகக் கொடுத்தாலும் இணையாது. பொத்தானை அழுத்தி இணைக்கிற டபிள்யூபிஎஸ் முறையும் டபிள்யூபிஏ3இல் கிடையாது. அதாவது எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு, நெட் ஓடுகிறதுதானே என்று கேட்டிருக்கிறார்கள்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த முகவரியால் உள்ளே போய், 2.4க்கு வேறு பெயர் வைத்து, டபிள்யூபிஏ2 ஆக்கி, வைஃபை சேனலை 6இல் நிறுத்தினேன். இரண்டு நிமிடத்தில் டொரண்டோ பேசியது. நிறுவனத்தில் ஒருவருக்கு இது தெரிந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். தமிழுக்கு என்று ஓர் இலக்கத்தை அழுத்தி அரை மணி நேரம் இசை கேட்டுக் காத்திருந்தேனே, அந்த நேரத்தில் பதினைந்து தடவை செய்திருக்கலாம். ரேடியோ செய்த கம்பனிக்கு எழுதினால் ரவுட்டர்காரரைக் கேளுங்கள் என்கிறார்கள், ரவுட்டர்காரர் ரேடியோக்காரரைக் கேளுங்கள் என்கிறார். அதற்கு முன் கடையில், சிக்னலைத் தூரம் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் வாங்கினால் சரிவரும் என்றார்கள். வாங்கினேன். அதுவும் ரவுட்டரின் அதே பாதுகாப்பு முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. காசு போனதுதான் மிச்சம்.

இதற்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா காலையில் டொரண்டோ வானொலியைப் போடுவது பாட்டுக்காக மட்டுமல்ல. மரண அறிவித்தலுக்காக. இந்த ஊரில் அவரோடு படித்தவர்கள், உவர்மலையில் அயலில் இருந்தவர்கள், பாதிப் பேர் இப்போது அங்கேதான். ரேடியோ ஊமையாக இருந்த நாட்களில் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் ஒருவர் அங்கே இறந்துவிட்டார். எட்டு நாள் கழித்து, அண்ணா வேறு ஏதோ கதைக்கும்போது தற்செயலாகச் சொன்னார். அவர் வீட்டுக்கு ஒரு போன் எடுத்து அழுது தீர்க்கக்கூட அப்பாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. எல்லாச் சடங்கும் முடிந்திருந்தது. இதை நான் எந்த முறைப்பாட்டு எண்ணில் பதிவது?

சரி, திருத்தியாயிற்றே என்று பார்த்தால், பன்னிரண்டாம் நாள் காலை மறுபடி அதே வரி. உள்ளே போய்ப் பார்த்தேன். நான் வைத்த பெயர் இல்லை. மறுபடி ஒரே பெயர், மறுபடி டபிள்யூபிஏ3. இரவில் அவர்கள் தூரத்திலிருந்தே ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறார்கள், என் மாற்றங்கள் எல்லாம் அழிந்துவிட்டன. ஒரு எஸ்எம்எஸ் இல்லை. என் வீட்டுச் சுவரில், நான் மாதாமாதம் காசு கட்டி வைத்திருக்கிற பெட்டி. புதுப்பிப்பது தேவையென்றால் செய்யட்டும், பாதுகாப்புக்குத்தான் அது. ஆனால் வீட்டுக்காரர் போட்டு வைத்ததை ஏன் அழிக்க வேண்டும்? அழித்தால் ஏன் சொல்லக்கூடாது? பில் கட்ட ஒரு நாள் பிந்தினால் மட்டும் மூன்று எஸ்எம்எஸ் வருகிறதே.

பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கு என்கிறார்கள் சிலர். நல்ல ஸ்பீக்கர், நல்ல பொத்தான், ஒரு குறையும் இல்லாத பெட்டி அது. இப்படித்தான் 2021இல் ரெசிவா என்ற நிலையப் பட்டியல் சேவை மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த நல்ல வானொலிப் பெட்டிகள் உலகெங்கும் ஒரே நாளில் நிலையப் பட்டியலை இழந்தன. பெட்டியில் பழுதே இல்லை. எங்கோ ஒருவர் ஒரு சுவிட்சை அணைத்தார். புதிய பெட்டியில் பொத்தான்கள் வேறு இடத்தில் இருக்கும். அப்பாவின் விரல்கள் முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்கு அவருக்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று, புதியது வாங்கச் சொல்கிறவர்களுக்குத் தெரியுமா?

நேற்று மறுபடி எல்லாவற்றையும் மாற்றினேன். இந்தத் தடவை ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். சேவை நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், தமிழில். 2.4க்குத் தனிப் பெயர் வேண்டும், டபிள்யூபிஏ2 வேண்டும், என்னைக் கேட்காமல் அதை மாற்றக்கூடாது. மூன்றே வசனம். பதில் வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தக் கந்தோர் வாசலில் நிற்பேன். தேவையென்றால் ரேடியோவையும் கையில் கொண்டுபோவேன்.