ஆயிரம் ரூபாயா, லைசென்ஸா?

வேகமாகப் போய் கேமராவில் மாட்டினால் நம்ம பக்கத்து ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "யாரைப் பிடிச்சா இதைக் கேன்சல் பண்ணலாம்?" என்பதுதான். எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள், லைசென்ஸுக்கு ஏதும் ஆபத்து உண்டா என்பதெல்லாம் அப்புறம். ஒன்றியச் செயலாளர், ரிட்டயர்டு ஏட்டு, கோர்ட்டில் வேலை பார்க்கும் சித்தப்பா என்று போன் பறக்கும். ஆயிரம் ரூபாய் சலானை இல்லாமல் பண்ண அதைவிடக் கூடச் செலவு செய்து, கடைசியில் சலானையும் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

என் கட்சி இதுதான்: தப்புக்குத் தப்பு லைசென்ஸில் புள்ளி விழுந்து, ஒரு அளவு சேர்ந்ததும் லைசென்ஸே போகும் முறை நம்ம ஊருக்கும் வரணும். அபராதத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போய்ப் பிரயோஜனம் இல்லை.

மன்னார்குடி, கூத்தாநல்லூர்ப் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு. சிங்கப்பூரில் வண்டி ஓட்டுகிற நம்ம பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் அங்கே லைசென்ஸ் சஸ்பெண்ட். புதுசாக லைசென்ஸ் எடுத்தவனுக்கு முதல் வருஷத்திலேயே 13 புள்ளி விழுந்தால் ரத்து, மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்கணும். அதே சமயம் 12 மாதம் ஒழுங்காக ஓட்டினால் பழைய புள்ளியெல்லாம் அழிந்துவிடும். பிரிட்டனில் வேகத்துக்குக் குறைந்தது 100 பவுண்டும் 3 புள்ளியும். மூன்று வருஷத்தில் 12 சேர்ந்தால் பொதுவாக வண்டியைத் தொட முடியாது. கொஞ்சமாகத்தான் மீறியிருக்கிறான் என்றால் புள்ளிக்குப் பதிலாக வகுப்பில் போய் உட்காரச் சொல்வார்கள், அதற்கும் காசு நாம்தான் கட்டணும். இங்கே லீவுக்கு வந்தால் ஈசிஆரில் பறக்கிற என் மச்சான், அங்கே போனதும் ஸ்பீடாமீட்டரைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லையாம். தங்கச்சி சொல்லித்தான் தெரியும்.

புள்ளிக்குப் பயந்து ஆள்மாறாட்டம் செய்கிற வேலை அங்கேயும் உண்டு. பிரிட்டனில் கிறிஸ் ஹியூன் என்று ஒரு அரசியல்வாதி. 2003-ல் வேகமாகப் போய் மாட்டியபோது, ஓட்டியது தன் மனைவி என்று புள்ளியை அந்தம்மா தலையில் இறக்கிவிட்டார். பிறகு மந்திரியும் ஆனார். விவாகரத்துக்குப் பின் விஷயம் வெளியே வந்தது. 2013-ல் இரண்டு பேருக்கும் தலா எட்டு மாதம் ஜெயில். ஒழுங்காகப் புள்ளியை வாங்கியிருந்தால் கொஞ்ச நாள் பஸ்ஸில் போயிருப்பார், அவ்வளவுதான். நம்ம ஊரில் ஆக்சிடென்ட் ஆன ராத்திரியே டிரைவர் பெயர் மாறுகிற கதையெல்லாம் இங்கே எழுதவேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அபராதத்தில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், எல்லார் பாக்கெட்டும் ஒன்று இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவில், அதிவேகத்துக்குக் காருக்கு 1000 முதல் 2000 வரை, பஸ் லாரிக்கு 2000 முதல் 4000 வரை என்று வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர் பைபாஸில் பெரிய காரில் சீறிப்போகிறவருக்கு ஆயிரம் ரூபாய் ஒரு வேளை ஓட்டல் பில். காய்கறி ஏற்றிப்போகிற லோடு ஆட்டோக்காரருக்கு அன்றைய பொழப்பே போச்சு. புள்ளி என்று வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. பணத்தால் அதை ஊதித்தள்ள முடியாது.

"சஸ்பென்ஷன்தான் ஏற்கெனவே இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. அதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் புள்ளிக் கணக்கு கிடையாது. ஆனால் 19-ஆம் பிரிவில் லைசென்ஸை நிறுத்திவைக்கும் அதிகாரம் உண்டு. அதிவேகம், சிக்னல் மீறல், குடித்துவிட்டு ஓட்டுவது, ஓட்டும்போது செல்போன் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. சிங்கப்பூரில் புள்ளி ஏற ஏற நமக்கே தெரியும், காலை எடுத்துக்கொள்ளலாம். இங்கே முதல் எச்சரிக்கையே சஸ்பென்ஷன் நோட்டீஸாக வந்து நிற்கும்.

அது வந்தால் மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் 19-ஆம் பிரிவில் உத்தரவு போட முடியாது, அதற்குத்தான் அந்த நோட்டீஸ். ஆர்டிஓ ஆபீஸுக்கு நேரில் போங்கள், எழுத்தில் கொடுங்கள். வண்டி ஓட்டித்தான் சோறு என்றால் அதையும் எழுதுங்கள். உத்தரவு வந்துவிட்டாலும் 30 நாளுக்குள் அப்பீல் உண்டு. ரோட்டில் போலீஸ் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். ஆனால் அதைக் காட்டி ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள்: அதிவேகத்துக்காக வாங்கியிருந்தால், 206-ஆம் பிரிவில் 2019-ல் சேர்த்தபடி, லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை அந்தச் சீட்டை வைத்து ஓட்டக்கூடாது. 

சலானையும் கண்ணால் பாருங்கள். கேமரா சலானில் வண்டி நம்பர் தெரியும் போட்டோ, அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்கணும். 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பணும், கேமரா இருக்கிறது என்று ரோட்டில் போர்டு வைத்திருக்கணும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்த்த 167ஏ விதி சொல்கிறது. உங்களுடையது டிஎன் 49, போட்டோவில் இருப்பது டிஎன் 68 என்றால் தைரியமாக ஆட்சேபம் போடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், ஓட்டினது நாமதானே, கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'சலான்' என்று ஆப் ஃபைல் வந்தால் மட்டும் தொடாதீர்கள், அது பேங்க் கணக்கைத் துடைக்க வந்தது.

பழைய வண்டியைக் கும்பகோணத்துக்காரருக்கு விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்ட புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை. அவர் பறப்பார், சலான் உங்கள் வீட்டுக்கு வரும். விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும் என்பது சட்டம்.

இனி நம்ம ரோட்டுக்கு வருவோம். அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். ஓரத்தில் கல்லடுக்கி, சாக்கு போட்டு, ராத்திரியில் அதற்கு விளக்கும் இருக்காது. பின்லைட் இல்லாத டிராக்டர் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையோடு ஊர்ந்துகொண்டிருக்கும். இந்த ரோட்டில் காருக்கு 70 என்று சட்டம் அனுமதித்தாலும் 70 என்பது கொலைவேகம். கேமரா நிற்பதோ நல்ல நாலுவழிச் சாலையில். மாட்டுகிறவன் அங்கே மாட்டுகிறான், சாகிறவன் இங்கே சாகிறான்.

அப்புறம் தனியார் பஸ். தஞ்சாவூர்–கும்பகோணம் ரோட்டில் அய்யம்பேட்டை தாண்டினதும் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். பின்னாடி வருகிற வண்டி எந்த ஸ்டாப்பில் இருக்கிறது என்று கண்டக்டர் போனில் கேட்டுச் சொல்லிக்கொண்டே வருவார். நிமிஷம் தப்பினால் டைம் கீப்பரிடம் சண்டை, பாபநாசத்தில் ஏறவேண்டிய டிக்கெட் அடுத்த வண்டிக்குப் போய்விடும், கலெக்‌ஷன் குறைந்தால் பேட்டா குறையும். டிரைவர் கால் ஆக்ஸிலேட்டரை அழுத்துவது அவர் ஆசைக்கு இல்லை.

அதனால், புள்ளி முறை வந்து அது டிரைவர் லைசென்ஸில் மட்டும் விழும் என்றால் நான் ஆதரிக்கமாட்டேன். அவருக்கு மூன்று புள்ளி விழுந்தால் பஸ்ஸின் பர்மிட்டுக்கும் மூன்று விழணும். பன்னிரண்டு சேர்ந்தால் அந்த பஸ்ஸுக்கு ஒதுக்கின டைமிங்கை ரத்து பண்ணி வேறு ஆளுக்குக் கொடுக்கணும். அப்போது "ஏம்ப்பா லேட்டு?" என்று எந்த முதலாளி கேட்கிறார் என்று பார்த்துவிடலாம்.