வெள்ளைக்காரன் கட்டினால் பாரம்பரியம், நம்மாள் கட்டினால் பழைய பில்டிங்

மந்தைவெளி வீட்டுப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு: சென்னை மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள், படம் எடுத்து இங்கே போட்டேன், "இன்னொன்றும் போகிறது" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு "கொசுப் பண்ணைக்கு ஒப்பாரியா?" என்று ஒருவர். "இது என்ன தஞ்சாவூர் பெரிய கோயிலா?" என்று இன்னொருவர். அந்தக் கமெண்டுக்கு விழுந்த சிரிப்பு ஸ்மைலிகளில் பாதி, சென்ட்ரல் ஸ்டேஷன் படத்தைப் போட்டு 'எங்க மெட்ராஸ்' என்று உருகுகிறவர்களுடையது.

சரி, பெரிய கோயில் இல்லை. சென்ட்ரலும் பெரிய கோயில் இல்லையே? ஹைகோர்ட்டும் இல்லையே? ஆகஸ்ட் 22, மெட்ராஸ் தினம் வந்தால் அதற்கெல்லாம் வரிசையில் நின்று படம் எடுக்கிறோம். சிவப்புச் செங்கல்லும் குவிமாடமும் இருந்துவிட்டால் பாரம்பரியம். 1930-லிருந்து 1970 வரை நம்மாட்கள், நம் வெயிலுக்கு, நம் காசில் கட்டிய வீடும் தியேட்டரும் ஆபீசும் மட்டும் 'பழைய பில்டிங்'. இது என்ன கணக்கு?

அந்த வீட்டின் நெற்றியில் 1941 என்று சிமெண்டில் எழுதியிருந்தது. மூலையில் வளைந்து திரும்பும் பால்கனி, அதோடு சேர்ந்து திரும்பும் சன்ஷேட், மாடிப்படிக்குக் கப்பலில் இருப்பது போல வட்ட ஜன்னல். கேட்டில் கதிர் விரிக்கும் சூரியன். (கட்சிக்காரர் வீடா என்று கேட்ட புத்திசாலிக்கு: அந்தக் கட்சி பிறந்தது 1949-ல்.) இந்தக் கட்டடப் பாணியைத்தான் ஆர்ட் டெகோ என்பார்கள். பாரிமுனை டேர் ஹவுஸ், மவுண்ட் ரோடு கேசினோ தியேட்டர் எல்லாம் அந்த வம்சம்தான். தாசப்பிரகாஷ் ஹோட்டலும் இருந்தது. இடித்தாயிற்று. இடித்தபோது எத்தனை பேர் பதிவு போட்டோம்?

எல்ஐசி கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் ஹீரோ பட்டணம் வந்தான் என்பதற்கு அத்தாட்சி அதுதான். அதன் கதை எத்தனை பேருக்குத் தெரியும்? தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அதைக் கட்ட ஆரம்பித்தவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், ஐஓபி வங்கியை நிறுவிய அதே மனிதர். 1954-ல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டது. வரைபடம் போட்ட லண்டன்காரர்கள் பாதியில் விலக, நம்மூர் ஆர்க்கிடெக்ட் எல்.எம். சித்தாலே பொறுப்பேற்று முடித்தார். 1959-ல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம். 1975-ல் தீப்பிடித்தும் விழவில்லை. என்.எஸ்.சி. போஸ் சாலையில் ஓரியண்டல் இன்சூரன்ஸ் கட்டடத்தை வரைந்ததும் சித்தாலேதான். வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் சிஷோம் பெயரைச் சொன்னால் தலையாட்டும் கூட்டத்தில் சித்தாலேயைச் சொன்னால் "யாரு, கிரிக்கெட் பிளேயரா?" என்கிறார்கள். நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

எல்ஐசிக்குப் பக்கத்தில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897-ல் கட்டியது. 2006-ல் இடிக்க ஆரம்பித்தவுடன் வழக்குப் போட்டு, 2010-ல் தீர்ப்பு வாங்கிக் காப்பாற்றினார்கள். மிகவும் நல்லது, கும்பிடுகிறேன். ஆனால் கோபுரமும் சிவப்பு நிறமும் இல்லாத கட்டடத்துக்கு யார் கோர்ட் படி ஏறுகிறார்கள்? காலையில் ஜேசிபி வரும், சாயந்திரம் காலி மனை.

"வீட்டுச் சொந்தக்காரன் கஷ்டம் உனக்குத் தெரியுமா?" என்று ஒரு கேள்வி. தெரியும் ஐயா. தி.நகரில் எங்கள் பெரியப்பா வீடும் இப்படித்தான் போனது. நாலு பங்கு, நாலு மருமகள்கள், ஒழுகும் மெட்ராஸ் டெரஸ் கூரை, கொத்தனார் கேட்ட கூலி எல்லாம் எனக்கு மனப்பாடம். அண்ணன்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மே மாத மதியம் அந்த மொசைக் தரையில் வெறும் உடம்போடு படுத்தால் கரண்ட் போனதே தெரியாது. இன்றைக்கு அதே மனையில் இருக்கும் ஃப்ளாட்டில், இன்வெர்ட்டர் நின்றால் அண்ணி வாசலுக்கு வந்து விசிறிக்கொண்டு உட்காருகிறார். முன்னேற்றம்!

வழியே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இடிக்காமல் வைத்திருக்கும் சொந்தக்காரர், தன் மனையில் கட்டாமல் விட்ட அளவை வேறு இடத்தில் கட்டும் உரிமையாக விற்கலாம் என்று பம்பாயில் 1995-லேயே விதி எழுதிவிட்டார்கள். 2018-ல் மரைன் டிரைவ் ஆர்ட் டெகோ வரிசையை யுனெஸ்கோவே உலகப் பாரம்பரியத்தில் சேர்த்தது. அவை ம்யூசியம் இல்லை. பால்கனியில் துணி காயும் அபார்ட்மென்ட்கள்.

"இது பணக்கார ரசனை" என்றவருக்குப் பதில் கிடையாது. மினர்வா தியேட்டரில் முறுக்கு தின்றுகொண்டு படம் பார்த்தவன் எல்லாம் பணக்காரனா?

"இன்னும் வயசாகட்டும், பார்க்கலாம்" என்று ஒரு நிதானவாதி. டில்லியில் பார்த்தோமே. பிரகதி மைதானத்து ஹால் ஆஃப் நேஷன்ஸ், ஆர்க்கிடெக்ட் ராஜ் ரேவாலும் இன்ஜினியர் மகேந்திர ராஜும் தூணே இல்லாமல் கான்கிரீட்டில் எழுப்பிய மண்டபம், 1972-ல் திறந்தது. அறுபது வயது ஆகாத கட்டடம் பாரம்பரியப் பட்டியலுக்கு வராது என்றது அங்கத்திய பாரம்பரியக் கமிட்டி. 2017 ஏப்ரலில் ராத்திரியோடு ராத்திரியாக இடித்தார்கள். சஷ்டியப்தபூர்த்தி ஆகாதவனுக்கு மரியாதை கிடையாது போல! அறுபதுவரை விட்டுவைத்தால்தானே அறுபது ஆகும்? நம் 1941 வீட்டுக்கு எண்பது தாண்டியிருந்தது. அதை யார் மதித்தார்கள்? வயசு வெறும் சாக்கு.

உண்மையைச் சொன்னால், முன்பின் தெரியாதவர்கள் சிரித்தது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. பெரியப்பா வீட்டு மாடிப்படிக் கைப்பிடியில் என்னோடு சறுக்கி விளையாடிய ஒருத்தர், அந்தக் கொசுப் பண்ணை கமெண்டுக்கு முதல் ஆளாக ஹார்ட் போட்டிருக்கிறார். இப்போது கண்ணாடி பதித்த பதினெட்டாவது மாடியில் இருக்கிறார், நியூஜெர்சியில். அங்கே நூறு வருஷ ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் செல்ஃபி எடுத்து 'வாட் எ ஹிஸ்டரி' என்று எழுதுவார், அதற்கு நானும் லைக் போடுவேன்.

பதில் இருந்தால் இங்கேயே எழுதவும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம், அத்தை பார்க்கிறார்.