சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

பாய்மரப் படகுக்குக் காற்றுதானே பெட்ரோல், செலவே இருக்காது என்று நினைத்து ஏமாந்தவன் நான். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பக்கம் 26 அடியில் ஒரு பழைய படகு வைத்திருக்கிறேன். வருடத்தில் பத்து நாள் ஓட்டினால் அதிகம். மிச்ச நாளெல்லாம் துறையில் கட்டிக் கிடக்கிறது. சும்மா கிடப்பதற்கும் காசு, அதுவும் மீட்டர் கணக்கில். முன்னால் நங்கூரம் துருத்திக்கொண்டிருந்தால் அந்த நீளத்துக்கும் சேர்த்து!

குளிர்காலம் வந்தால் கிரேன் வைத்துக் கரையேற்றக் காசு, கரையில் நிறுத்தக் காசு, அப்புறம் மறுபடி இறக்கக் காசு. இடையில் அடிப்பாகத்தில் ஒட்டிய கொட்டலசை (சிப்பி மாதிரி ஓடுள்ள கடலுயிர்) சுரண்டி, மறுபடி ஒட்டாமலிருக்கச் செம்பு கலந்த பெயின்ட் அடிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ப்ரொபெல்லரை அரிக்காமலிருக்கப் பொருத்தும் துத்தநாகக் கட்டி வேறு. தான் கரைந்து மற்றதைக் காப்பதுதான் அதன் வேலை. என் சம்பளமும் அதே வேலையைத்தான் பார்க்கிறது.

போன வாரம் இன்சூரன்ஸ் கடிதம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு 15 வயது ஆகிவிட்டதாம், மாற்றினால்தான் காப்பீடாம். கம்பி என்னவோ பளபளவென்றுதான் இருக்கிறது. ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்தும் தீப்பந்தங்களும் காலாவதி. ஒன்றைக்கூடக் கொளுத்தியதில்லை (நல்லவேளை).

"விற்றுத் தொலையுங்களேன்" என்கிறாள் மனைவி. சரியென்று விளம்பரம் கொடுத்தேன். பார்க்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "கம்பியெல்லாம் எப்போது மாற்றினீர்கள்?"