லீவுக்கும் டார்கெட்டா?

போன பதிவோட கமெண்ட்டுகளைப் படிச்சவங்களுக்கு முன்கதை தேவையில்லை. படிக்காதவங்க போய்ப் படிச்சுட்டு வாங்க, நல்லா பொழுது போகும். லீவுல, திருச்சி பக்கத்துல இருக்கிற முக்கொம்புக்குப் போனேன், அரை மணி நேரத்துக்கு மேல உட்கார முடியல, கிளம்பி வந்துட்டேன்னு ரெண்டு வரி எழுதினேன். அவ்வளவுதான். ஒருத்தர் மூச்சுப் பயிற்சி வீடியோ அனுப்புறார். இன்னொருத்தர் தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்றார். காலேஜ்ல என்கூடப் படிச்சவ ஒருத்தி (பேர் சொல்ல மாட்டேன், சொல்லாமலே தெரியும்) அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "சிலருக்கு லீவு கிடைச்சாலும் வாழத் தெரியறதில்ல"ன்னு ஸ்டேட்டஸ் வச்சிருக்கா. கூடவே கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிற பொம்மை வேற.

சரி, வாழத் தெரியாதவ சொல்றேன், கேளுங்க.

இது நான் கேட்டு வாங்கின லீவு இல்ல. பேங்க்ல சில முக்கியமான சீட்ல இருக்கிறவங்களை வருஷத்துக்கு ஒரு தடவை, சேர்ந்தாப்ல குறைஞ்சது 10 வேலை நாள், கட்டாய லீவுல அனுப்பணும். முன்கூட்டியே சொல்லக் கூடாது. ரிசர்வ் வங்கியோட 2021 சுற்றறிக்கையில இருக்கு. அந்த நாள்கள்ல ஆபீஸ் மெயிலைத் தவிர வேலை சம்பந்தமான எதையும் நாம தொட முடியாது. ஏன்னா, தில்லுமுல்லு பண்ணினவன் அதை மறைக்கத் தினமும் சீட்டுக்கு வந்தாகணும். ஆளைக் கொஞ்ச நாள் நகர்த்தி வச்சா சாயம் வெளுத்துடும். நல்ல விதிதான், நான் குறை சொல்லல. ஆனா நான் யோக்கியமா இல்லையான்னு பார்க்கறதுக்கு என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. நீங்க வந்து "குடுத்து வச்ச மகராசி, என்ஜாய்"ங்கறீங்க.

ஊட்டிக்குப் போயிருக்கலாமேன்னு ஒரு அஞ்சாறு பேர். மேட்டுப்பாளையத்துல ஏறி, 46 கிலோமீட்டரை ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஊர்ந்து போற அந்த மலை ரயில் எனக்கும் பிடிக்கும்ங்க. இ-பாஸ் கூட 2024 மே மாசத்துலேர்ந்து ஆன்லைன்லயே எடுத்துடலாம். ஆனா வீட்டுக்காரருக்கு லீவும், மகளுக்குப் பரீட்சை இல்லாத வாரமும் அந்த வெப்சைட்ல கிடைக்காதே. காலையில மேனேஜர் கூப்பிட்டு "நாளையிலேர்ந்து வராதீங்கம்மா"ன்னா, சாயங்காலமே பெட்டி கட்ட நான் என்ன சினிமா கதாநாயகியா?

தனியா போக வேண்டியதுதானேங்கறாங்க. முக்கொம்புக்குத் தனியாத்தாங்க போனேன்! சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறி, ஜன்னலோர சீட் பிடிச்சு, சந்தோஷமாத்தான் போனேன். காவிரியிலேர்ந்து கொள்ளிடம் பிரியற இடத்துல நின்னு பார்த்தேன். 2018 ஆகஸ்ட்ல மதகுகள் அடிச்சுட்டுப் போனப்ப ஊரே பதறிச்சே, அதுக்கப்புறம் கட்டின புதுக் கதவணையையும் பார்த்தேன். தண்ணி பார்த்தாச்சு, காத்து வாங்கியாச்சு, கடலை வாங்கித் தின்னாச்சு. மனசு நிறைஞ்சுது. கிளம்பிட்டேன். அரை மணி நேரத்துல நிறையற மனசை மூணு மணி நேரம் உட்கார வச்சே தீரணும்னு எந்தச் சுற்றறிக்கையில இருக்கு?

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். என் லீவு, என் இஷ்டம். வருஷம் பூரா டார்கெட்லதான் கிடக்கேன். டெபாசிட் டார்கெட், நகைக்கடன் டார்கெட், இன்சூரன்ஸ் டார்கெட். மார்ச் கடைசி வாரம் எங்க கிளைக்கு வந்து எங்க முகங்களைப் பாருங்க, தெரியும். அதுலேர்ந்து தப்பிச்சு வீட்டுக்கு வந்தா, சினேகிதி "நாற்பதுக்குள் நாற்பது இடங்கள்"னு பட்டியல் அனுப்புறா. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல டிக் அடிக்கக் கட்டம் வேற போட்டிருக்கா. எங்க ஏரியா மேனேஜர்கூட இவ்வளவு அழகாக் கட்டம் போட மாட்டார்.

"லீவே கிடைக்காதவங்க எத்தனை பேர் இருக்காங்க, உங்களுக்கு இது அதிகமாத் தெரியலையா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பெரிய கடைவீதியில ஜவுளி எடுத்துப் போடுற பொண்ணுங்களுக்கு, வேலை நேரத்துல உட்கார ஒரு இருக்கை கொடுக்கணும்னு சட்டத் திருத்தம் வரவே 2021 ஆச்சு. அவங்க என்னைத் திட்டினா தலை குனிஞ்சு கேட்டுக்குவேன். ஆனா திட்டுறது அவங்க இல்லையே. ஏற்காட்டுல ரூம் போட்டு, காபி கப்பை மூடுபனிக்கு முன்னால வச்சுப் போட்டோ எடுக்கறவங்கதானே திட்டுறாங்க!

உடம்பு கெட்டுப்போகும், பி.பி. ஏறும்னு சொன்னவங்களுக்கு: இந்த கமெண்ட்டுகளைப் படிச்சுத்தான் ஏறுது.

"பொம்பளைங்க நாலு இடம் போகணும்னு சொல்றது நல்லதுக்குத்தானே"ன்னு ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. அக்கா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா குடும்பத்தோட போற டூர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாததா? ராத்திரி பதினோரு மணிக்குப் புளியோதரைக்குக் காய்ச்சுறது யாரு? தயிர்சாதம் புளிச்சுடக் கூடாதுன்னு பால் ஊத்திப் பிசையறது யாரு? கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணையும் எண்ணிக்கிட்டே, ஒரு கையில எலுமிச்சம்பழம், இன்னொரு கையில பிளாஸ்டிக் கவரோட நாத்தனார் பையனுக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாரு? ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கணும். மத்தவங்க இறங்கினாங்க. நான் வண்டியில பைகளுக்குக் காவல். போட்டோவுல எல்லாரும் இருக்காங்க, நான் மட்டும் இல்ல. அந்த டூரைத்தான் இன்னிக்கும் "நம்ம ஜாலியா போனோமே"ன்னு சொல்றாங்க. முக்கொம்பு அரை மணி நேரத்துல யாருக்கும் நான் தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுக்கல. எதை அவுட்டிங்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க.

இதெல்லாம் கூடப் பரவாயில்ல. கூடப் படிச்சவ வச்ச அந்த ஸ்டேட்டஸுக்கு நான் ஒரு கேள்வி கேட்டதுக்கு அவ என்ன பதில் போட்டான்னு பார்த்தீங்களா? "உங்க அப்பாவும் அப்படித்தான்டி, அவருக்கும் ரசிக்கத் தெரியாது, பாவம்."

பாவமாம்.

அப்பா பொன்மலை ஒர்க்ஷாப்ல வேலை பார்த்தவர். சங்கு ஊதினா கிளம்புவார், சங்கு ஊதினா வருவார். ஞாயித்துக்கிழமை மனுஷன் தூங்கி நான் பார்த்ததில்ல. சைக்கிளை அக்கக்காக் கழட்டி, ஒவ்வொரு பால்ரஸையும் மண்ணெண்ணெயில கழுவி, செய்தித்தாள்ல வரிசையா அடுக்குவார். ரயில்வே பாஸ்ல ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போனார். கோயில்ல எவ்வளவு நேரம் நின்னாரோ தெரியாது. பாம்பன் பாலத்துல கதவோரம் நின்னு, 1914ல திறந்த பாலம், நடுவுல ரெண்டு இறக்கை இருக்கு, கப்பல் வந்தா ஆளுங்க நெம்புகோலைச் சுத்தித்தான் தூக்குவாங்கன்னு முன்பின் தெரியாதவங்களுக்கெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தார். அந்த முகத்துல இருந்தது ரசனை இல்லைன்னா வேற என்ன? 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல நடுப்பகுதி மொத்தமா செங்குத்தா மேல ஏறுது. அதைப் பார்க்க அவர் இல்ல. இருந்திருந்தா கையைக் காலைக் கட்டிப் போட்டாலும் போயிருப்பார்.

எங்க வீட்டுல எத்தனையோ நாள் அவ சாப்பிட்டிருக்கா. அவ ஹாஸ்டல் பெட்டிக்குப் பூட்டு ரிப்பேர் பண்ணிக் கொடுத்தவர் இந்த ரசிக்கத் தெரியாதவர்தான். அது ஒரு ஞாயித்துக்கிழமை. அதெல்லாம் ஸ்டேட்டஸ்ல வராது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இதுக்கும் சிரிங்க. மிச்ச லீவுல நான் என்ன பண்ணேன் தெரியுமா? எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷனோட மூணு வருஷ வரவு செலவை உட்கார்ந்து பார்த்தேன். யாரும் கேட்கல. நானே ஃபைலை வாங்கிட்டு வந்தேன். வவுச்சரைத் தேதி வாரியா அடுக்கி, பாஸ்புக்கோட டிக் பண்ணி, மதியச் சாப்பாட்டைக் கூட மறந்துட்டேன். தண்ணி மோட்டார் காயில் கட்டின பில்லுக்கு ரெண்டு தடவை பணம் போயிருக்கு. அதைக் கண்டுபிடிச்ச நிமிஷம் எனக்குக் கிடைச்ச சந்தோஷம் உங்க நாற்பது இடத்துல எந்த இடத்துல கிடைக்கும்? ஆமா, லீவுலயும் கணக்குத்தான். பிடிச்சிருக்கு. இதுல டார்கெட் இல்ல, ஏன் முடிக்கலன்னு கேட்க ஆள் இல்ல. இதான் என் ஊட்டி, இதான் என் மணாலி.

அதுலேர்ந்து செகரெட்டரி சார் லிஃப்ட்ல என்னைப் பார்த்தா மொபைலைக் காதுல வச்சுக்கிறார். நான் யாரையும் திருடன்னு சொல்லல சார். ரெண்டு பில், ஒரே நம்பர், ஏன்னு கேட்டேன். என்னையே வருஷா வருஷம் சந்தேகப்பட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புறாங்க, நான் கோவிச்சுக்கிட்டேனா?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில பொதுக்குழு. பி பிளாக் ஆளுங்க கட்டாயம் வாங்க, போன தடவை மாதிரி கிரிக்கெட் மேட்ச்னு சொல்லி நழுவாதீங்க. ஃபைல் என்கிட்டதான் இருக்கு. ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன்.