அந்த இம்பாலா யாருக்காகவும் உயிர்த்தியாகம் செய்யவில்லை

மூன்று சிறுத்தைகள் கழுத்தைக் கவ்விப் பிடித்திருக்க, ஒரு மான் அசையாமல் எங்கோ பார்த்தபடி நிற்கும் படம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. தன் குட்டிகள் தப்பிக்கட்டும் என்று தாய்மான் தன்னையே கொடுத்ததாம், அதைப் படமெடுத்தவர் மனச்சோர்வில் விழுந்துவிட்டாராம்.

இரண்டுமே பொய். படம் 2013 செப்டம்பரில் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் எடுக்கப்பட்டது. 2017இல் இந்தக் கதை பரவியபோது, எனக்கு மனச்சோர்வெல்லாம் இல்லை, கதையும் கட்டியது என்று எடுத்தவரே மறுத்துவிட்டார். அங்கே மான்குட்டி எதுவும் கிடையாது. இருந்தது ஒரு தாய்ச் சிவிங்கிப்புலியும் (ஆங்கிலத்தில் சீட்டா; நாம் பொதுவாகச் சிறுத்தை என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் சிறுத்தை வேறு விலங்கு) வேட்டை பழகும் அதன் வளர்ந்த குட்டிகளும்தான். சிவிங்கிப்புலிக் குட்டிகள் ஏறக்குறைய ஒன்றரை வருடம் தாயுடனேயே இருந்து தொழில் கற்கும். தேர்ந்த தாய் தொண்டையை நெரித்துச் சீக்கிரம் முடிக்கிற வேலையை, எங்கே கடிப்பதென்று சரியாகத் தெரியாத பிள்ளைகள் இழுத்துக்கொண்டே போகும், அதனால்தான் இரை அவ்வளவு நேரம் நின்றபடி இருந்தது. அமைதியாகத் தெரிகிற அந்தப் பார்வை பெரும்பாலும் அதிர்ச்சியில் உறைந்துபோனது.

அப்புறம், அது மானே (deer) இல்லை, இம்பாலா, மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த மறிமான் (antelope) வகை. சஹாராவுக்குத் தெற்கே இயற்கையாக வாழும் மான் இனம் ஒன்றுகூட இல்லை. ஒரு வாரம் மாராவிலும் அதை ஒட்டிய தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் ஜீப்பில் சுற்றினால் இம்பாலாக் கூட்டங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தே போகும், ஆனால் மான் ஒன்றும் தென்படாது.