வழக்குக் கணக்கு வேறு, குடித்து ஓட்டுவோர் கணக்கு வேறு

கடலூர் ஆல்பேட்டையிலும் புதுச்சேரி எல்லையான முள்ளோடையிலும் காவலர்கள் ஊதச் சொல்லிப் பதியும் வழக்குகளைக் கூட்டி, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று பேசுவதை நான் ஏற்பதில்லை. அந்த எண் பெரும்பாலும் தணிக்கையின் தீவிரத்தையே காட்டுகிறது. மது விலை குறைவு என்பதற்காகவே எல்லை தாண்டிப் போய்த் திரும்புவோர் உள்ள இந்தச் சாலைக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

நேரடியாகக் கேட்டால் உண்மை வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கும்போது, படிவத்தோடு வாசலில் நிற்கும் அந்நியரிடம், அதுவும் மனைவி காதுபட, யார் ஒப்புக்கொள்வார்?

இதற்கு 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற பொருளியலாளர் ஒரு வழி கண்டார். அதன் எளிய வடிவம் இது: பதில் சொல்பவர் மறைவாக நாணயத்தைச் சுண்டுவார், தலை விழுந்தால் ‘ஆம்’ என்றே சொல்ல வேண்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆயிரம் பேரில் 600 பேர் ‘ஆம்’ என்றால், ஏறத்தாழ 500 நாணயத்தின் பங்கு. மீதி 500 பேரில் 100 பேர், அதாவது 20 விழுக்காட்டினர், குடித்து ஓட்டியவர்கள். எந்தத் தனி ஆளின் ‘ஆம்’ என்ற பதிலும் அவரைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் இந்த எடுத்துக்காட்டில், நேர்க்கேள்விக்குரிய அதே துல்லியத்தைப் பெற ஆறு மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டும். தலை விழுந்தும் ‘இல்லை’ என்று நழுவுவோராலும் மதிப்பீடு கீழே இறங்கும்.

ஆகவே எனக்குப் பிடித்தது குறுக்குக் கேள்வி முறை. ‘ஆம்’, ‘இல்லை’ என்று விடை தரக்கூடிய தீங்கற்ற ஒரு கேள்வியையும் ‘குடித்து ஓட்டினீர்களா’ என்பதையும் சேர்த்துக் கேட்டு, இரண்டுக்கும் விடை ஒன்றா வெவ்வேறா என்பதை மட்டும் சொல்லச் சொல்வார்கள். தீங்கற்ற கேள்விக்கு எத்தனை விழுக்காட்டினர் ‘ஆம்’ என்பார்கள் என்பது முன்பே தெரிவதால், குடித்து ஓட்டியோரின் விழுக்காட்டைக் கணக்கிட்டுவிடலாம். வழக்கமாகத் தாய் குறிப்பிட்ட சில மாதங்களில் பிறந்தவரா என்று கேட்பார்கள். பள்ளியில் சேர்த்த ஆசிரியரே பிறந்த தேதியை எழுதிவைத்த தலைமுறை உள்ள நம் ஊரில் அது சரிவராது. நண்பர் ஒருவருடைய கைபேசி எண்ணின் கடைசி இலக்கம் குறிப்பிட்ட சில இலக்கங்களில் ஒன்றா என்று கேட்கலாம். கவனமின்றி ஏதோ ஒன்றைச் சொல்வோர் இங்கே மதிப்பீட்டை உயர்த்திவிடுவார்கள் என்பது இதன் குறை.

பிழைகள் எதிரெதிர்த் திசையில் சாய்வதால், கடலூரிலும் எல்லைக்கு அப்பால் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கமும் பாதிப் பேரிடம் ஒரு முறையையும் மீதிப் பேரிடம் மற்றதையும் வைத்துக் கேட்க வேண்டும். அதைக் காவல்துறை நடத்தக் கூடாது. கல்லூரிப் புள்ளியியல் துறைகள் நடத்தட்டும்.