ஆமாம், குட்டையைச் சுற்றித்தான் வந்தோம்

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட, சென்னை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் நடந்த படங்களுக்குக் கீழே வந்த அந்தக் கமெண்ட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "குட்டையைச் சுத்தினதுக்கே இவ்ளோ பில்டப்பா? அடுத்து மொட்டை மாடி ட்ரெக்கா?" அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி. சிரித்தவர்களில் சிலர் என் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்கள். சரி, விட்டுத் தொலைப்போம் என்றுதான் இருந்தேன். ரெண்டு நாளாகியும் மனசு விடவில்லை.

ஆமாம், சமதளம்தான். மூச்சு வாங்காது, முட்டி உரசாது. நீர்ப்பரப்பை ஒட்டி நடந்தால் போதும். யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதுதான் அந்தப் பாதையின் பெருமையே. அதைப் போய்க் குறை என்று சொன்னால் எப்படி? வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவருக்கு என் கும்பிடு, உண்மையாகவே. ஆனால் கால் வலித்தால்தான் அது இயற்கை என்று யார் சொன்னது? அரசாங்கமே 2024இல் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தபோது அதில் எளிதான பாதைகள் என்று தனியாக ஒரு பிரிவு வைத்தது. அங்கேயும் போய் மொட்டை மாடி என்று எழுதுவாரா?

எனக்கு ஏன் இவ்வளவு சுருக்கென்று பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். முன்பு ஒருமுறை, நம் மலையேற்றக் குழுவோடு போனபோது, அம்மாவையும் அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். "ஆன்ட்டி வேன்ல உக்காந்திருக்கட்டும்" என்று பதில் வந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. "நீ போயிட்டு வாடி, எனக்கு வேலை கிடக்கு" என்றாள் அம்மா. அன்றைக்கு அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

அந்த அம்மாதான் ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சம்புப் புல்லுக்குள் ஒரு நீலத்தாழைக்கோழி. சிவப்பு அலகு, நெற்றியிலும் சிவப்பு. ஒரு தண்டை அலகால் இழுத்து ஒடித்து, நீண்ட கால் விரல்களால் அதைப் பற்றிக்கொண்டு, தோலை உரித்து உள்ளே இருந்த வெள்ளைத் தண்டைத் தின்றது. "பாருடி, நம்ம கரும்பு திங்கிற மாதிரியே திங்குது!" நின்றே பார்த்தோம். வேகமாக நடப்பவர்கள் ரெண்டு பேர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மலை உச்சிக்கு ஓடுகிறவருக்கு இதற்கு நேரம் இருக்குமா? (இருக்கலாம். எனக்குத் தெரிந்தவர்களுக்கு இருந்ததில்லை.)

"ஜோக்குக்குச் சொன்னதை இவ்வளவு பெரிசாக்கணுமா?" என்று இன்பாக்ஸில் ஒருவர் கேட்டிருக்கிறார். ஜோக் என்றால் எனக்கும் சிரிப்பு வந்திருக்கும் அல்லவா?

"அங்கே குப்பை நாத்தம் அடிக்குமே" என்று இன்னொருவர். காற்று திரும்பினால் அடிக்கும், மறுக்கவில்லை. பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. ஆனால் அந்தக் குப்பையைக் கூழைக்கடாவா கொண்டுவந்து கொட்டியது? அது நம் வீட்டு வாசலில் இருந்து போனது.

குட்டை, குட்டை என்கிறீர்களே, அதைப் பற்றியும் பேசிவிடுவோம். 1960களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்த சதுப்பு அது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். வெறும் குட்டைதானே, சும்மா கிடக்கிறதே என்று நினைத்தவர்கள்தான் குப்பையைக் கொட்டினார்கள், மண்ணை நிரப்பினார்கள், ரோடு போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தபோது மிஞ்சியதைக் காப்பாற்றவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2015இலும், 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, அந்தத் தண்ணீர் வேறு எங்கே போகும்? அது தங்க வேண்டிய இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கமெண்ட் போட்ட அண்ணனும் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார். மிக்ஜாம் சமயத்தில் படகு கேட்டு அவர் போட்ட பதிவை நான்தான் பத்துக் குழுவில் ஷேர் செய்தேன். அதைச் சொல்லிக்காட்டக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

"மலை ஏற முடியாத பொறாமை" என்று அடுத்து யாராவது எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

குழுவில் அடுத்த மாதம் கொல்லிமலைக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். "இயற்கையைக் காப்போம்" என்று டிஷர்ட்கூட அடித்தாயிற்று, நிறம் பச்சை. துரைப்பாக்கத்தில் இருந்து கிளம்பும் வேன் ரேடியல் ரோட்டில் இந்தச் சதுப்பைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நாற்றம் வரும், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.